அருகில் இருப்பவர்

"உள்ளே ஒருத்தர் வர்றப்ப யாரு எந்திரிக்கறாங்கன்னு பார்க்காதே, யாரு…" என்று அப்பா சொல்வார். மீதி? யாரு எந்திரிக்காம இருக்காங்கன்னு பார் என்றா, யாரு கடைசியா உட்கார்றாங்கன்னு பார் என்றா, தெய்வசிகாமணிக்குப் பிடிபடவில்லை. முன்சீப் கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் டவாலியாக நின்றவர் அப்பா. நிலைக்கதவோரம் நின்றபடி, ஆட்கள் எழுவதையும் உட்காருவதையும் பார்த்தே காலத்தை ஓட்டியவர். இதைச் சொன்ன நேரமெல்லாம் அவர் வாயில் வெற்றிலை இருந்திருக்கிறது. பின்பாதி எப்போதும் சாற்றோடு உள்ளே இறங்கிவிடும். இவனும் என்ன சொன்னீங்க என்று கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். கேட்டு வைத்திருந்தால் இப்போது, நாற்பத்தெட்டு வயதில், அணைப் பூங்காவின் மதிலோரத்துச் சிமெண்ட் பெஞ்சில், மடியில் கட்டம் போட்ட நோட்டோடு, மாசி மாதத்து ஒரு மணி வெயிலில்… கைக்கடிகாரம் பீப் என்றது. நிமிர்ந்தான். பார்த்தான். எழுதினான். இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் அது கூப்பிடும். கூப்பிட்ட கணத்தில் அவன் கவனிக்கிற குரங்கு எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, அருகில் இருப்பவர் யார், எத்தனை அடி தூரம், அவ்வளவும் ஒரே வரியில் விழுந்துவிட வேண்டும். அதற்கு முந்திய கணமும் கணக்கில்லை, பிந்திய கணமும் கணக்கில்லை. இருபத்திரண்டு வருஷம் அயல்நாட்டில் செய்ததும் இதுதான், திரும்பி வந்து இரண்டு வருஷமாய்ச் செய்வதும் இதுதான். ஆனால் இன்றைக்கு நோட்டு வெறும் சாக்கு. மூன்று மணிக்குள் ரேஞ்சர் வேதமுத்துவிடம் ஒரு குரங்கைக் கைகாட்டிவிட வேண்டும். பூங்கா வாசலில் புளியமரத்தடியில் கூண்டு வண்டி நிற்கிறது, வலைக்காரர்கள் இரண்டு பேர் அதன் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். ஒரு கூண்டு, ஒரு குரங்கு. ஆர்டரில் அப்படித்தான் போட்டிருக்கிறது: வருகிறவர்கள் பையைப் பிடுங்குகிற தலைக்குரங்கைப் பிடித்து நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி வேறு காட்டில் விட்டுவிட வேண்டியது. மலைப்பாதைச் செக்போஸ்ட்டை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள், அதனால் மூன்று. "நீங்க காட்டினாப் போதும் சார், மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்" என்று காலையில் மெஸ்ஸுக்குள் வந்து வேதமுத்து சொன்னான். தென்கோடி ஊர்க்காரன், இவனைவிடப் பதின்மூன்று வயது இளையவன், நல்ல பையன்தான். அவன் உள்ளே நுழைந்ததும் இட்லித் தட்டோடு எழுந்து நின்றது இவன்.

காட்டுவதென்றால் எதைக் காட்டுவது. தலைக்குரங்கு எது என்பதில் சந்தேகமே இல்லை, அதுதான் கஷ்டம். நல்வரவு என்று எழுதிய சிமெண்ட் வளைவின் மேல், அந்த 'வ'னாவுக்கு நேர் மேலே, கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறது மூன்று. அவனுடைய பழைய ஆசிரியர் குரங்குகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பார், பெயர் வைத்தால் சொந்தமாகிவிடும், சொந்தமாகிவிட்டால் பொய் எழுதுவாய் என்பார், ஆகவே எண்கள். மூன்று கிழடாகிவிட்டது. ஒரு கோரைப்பல் பாதியில் முறிந்திருக்கிறது. இரண்டு வருஷத்தில் அது யாரையும் கடித்து இவன் எழுதியது இரண்டே தடவை. அது செய்வதெல்லாம் எழுந்து நடப்பது. நடந்தால் முன்னால் இருப்பவை நகர்ந்துகொள்ளும், அவ்வளவுதான், அடி கிடையாது, சத்தம் கிடையாது, சும்மா நகர்ந்துகொள்ளும், ஏதோ தங்களுக்கே அந்த இடம் சலித்துப்போன மாதிரி. நகர்ந்தது யார், நகர்த்தியது யார் என்று நானூறு ஐந்நூறு தடவை எழுதிக் கூட்டிப் பார்த்தால் ஒரு ஏணி வந்துவிடும். முப்பத்துநான்கு குரங்குகள், ஒரு ஏணி. பெட்டைகள் பிறந்த கூட்டத்திலேயே இருந்து தாயின் படிக்கு அடுத்த படியில் உட்கார்ந்துகொள்ளும். கடுவன்கள் ஐந்து ஆறு வயதில் கிளம்பி வேற்றுக் கூட்டம் தேடிப் போய், கடைசிப் படியிலிருந்து தொடங்க வேண்டும். இதை ஒருநாள் வாச்சர் மாசாணத்துக்கு விளக்கியபோது அவர், "அப்ப இதுகெல்லாம் வீட்டோட மாப்பிள்ளைங்களுங்களா சார்" என்றார். ஆமாம் மாசாணம், வீட்டோட மாப்பிள்ளைகள்தான். அதுவும் பெண் வீட்டார் இன்னும் சம்மதிக்காத மாப்பிள்ளைகள். பீப். மூன்று, வளைவின் மேல், ஓய்வு, அருகில் பதினொன்றும் அதன் குட்டியும், ஒரு அடி. குட்டி அதன் வாலைப் பிடித்துத் தொங்குகிறது. அது கண்டுகொள்ளவில்லை. கூண்டுக்குள் அது எப்படி உட்காரும். நூற்றிருபது கிலோமீட்டர். இறக்கிவிடுகிற இடத்தில் வேறொரு கூட்டம் இருக்கும், அங்கே ஒரு ஏணி இருக்கும், முறிந்த பல்லோடு கடைசிப் படி.

வேதமுத்துவும் பூங்கா டிக்கெட் கவுண்ட்டர்க்காரரும் ஏன், ஊரே நினைப்பது, பையைப் பிடுங்குவது மூன்றுதான் என்று. பெரிதாய் இருப்பதுதானே பிடுங்கும். அது ஒருநாளும் பிடுங்கியதில்லை, அதற்குத் தேவையும் இல்லை. பிடுங்குவது பத்தொன்பது. இப்போது மீன் வறுவல் கடைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், யாருக்கும் முதுகைக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிற காது கிழிந்த அந்த ஒல்லிக் கடுவன். எட்டு மாதம் முன்னால் ஆனியில், மதகு மூடியிருந்த சமயம், அணைச் சுவரின் மேலாகவே தனியாக நடந்து வந்தது. அன்று இவன் இங்கேதான் இருந்தான். சுவர் முடிகிற இடத்தில் அது நின்று, கூட்டத்தைப் பார்த்துப் பல்லை இளித்தது. பார்க்கிறவனுக்குச் சிரிப்பது மாதிரி இருக்கும். சிரிப்பு இல்லை, நான் யாருக்கும் கேடு இல்லை என்கிற முகம் அது, பயத்தில் உதடு பின்னால் இழுபட்டுப் போகிற முகம். ஏர்போர்ட் வரிசையில், வாடகை வீடு பார்க்கப் போன மாடிப்படியில், முதல் வருஷம் முழுக்க அந்த ஊரில் இவன் முகத்தில் ஒட்டியிருந்த அதே இளிப்பு. அங்கே அவனைச் சிகா என்று கூப்பிட்டார்கள். முழுப் பெயரையும் ஒரே ஒருத்தி சொல்லக் கற்றுக்கொண்டாள், அவளும் பதினேழு வருஷம் கழித்து வக்கீல் கடிதத்தில்தான் அதைப் பிழையில்லாமல் எழுதினாள். மரைக்கே, அவன் மனைவியாக இருந்தவள். அவள் மேல் கோபமில்லை. பத்தொன்பதின் தாள்களைப் புரட்டினால் அருகில் இருப்பவர் என்ற கட்டத்தில் வரிசையாகக் கோடு, கோடு, கோடு. முப்பது அடிக்குள் யாரும் இல்லை என்றால் கோடு போட வேண்டும். கார்த்திகை மாதத் தாள்களில் பார்த்தால் நாள் முழுக்கக் கோடுதான், ஆனால் அது உண்மையில்லை, அந்த நாட்களில் எல்லாம் அதற்கு எட்டு அடி தூரத்தில் ஒருவர் இருந்தார். பார்வையாளரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. பார்வையாளர் இல்லாதவர்.

அந்த மழை. ஐப்பசி முடிகிற வாரம், மூன்று நாள் விடாத மழை, பூங்காவில் ஈ காக்கை இல்லை. கூட்டம் முழுவதும் விருந்தினர் மாளிகை மாடி வராந்தாவில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஒரே பந்தாகச் சுருண்டு கிடந்தது, எது யாருடைய கை, எது யாருடைய வால் என்று தெரியாத பந்து. நாட்டுக் குரங்குகள் அப்படித்தான், கடுவனும் கடுவனும்கூடக் கட்டிக்கொள்ளும், பகலில் பல்லைக் காட்டியதெல்லாம் மழையில் செல்லாது. ஆனால் அந்தப் பந்துக்கும் ஓர் ஓரம் உண்டு. பத்தொன்பது ஓரத்துக்குப் போய்ப் பார்த்தது, ஒரு பெட்டை திரும்பிப் பார்த்தாள், போதும், இறங்கி வந்துவிட்டது. நனைந்து முடி ஒட்டி எலும்பு தெரிய, டிக்கெட் கவுண்ட்டர் சன்ஷேடுக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. அங்கே ஏற்கெனவே இவன் இருந்தான். இருக்கிற எட்டடி அகலத்தில் அந்தக் கோடியில் அது, இந்தக் கோடியில் இவன். பீப், அருகில் இருப்பவர், கோடு. பீப், கோடு. மூன்று மணிக்கு இவன் மெஸ்ஸில் கட்டிக் கொடுத்த தயிர்ச்சோற்றைப் பிரித்தான். அது இவனைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதற்கு அது படுகிற பாட்டை இவன் பார்த்தான். ஒரு கை சோற்றை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்பியபோது சுவர் துடைத்த மாதிரி இருந்தது. ஒரு பருக்கை ஒட்டியிருந்ததையும் அது விரலால் எடுத்தது. தொழிலில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. கடிபட்டால்கூட மன்னிப்பு உண்டு. கவனிக்கிற பிராணிக்குத் தன் கையால் சோறு போட்டவனுக்கு எந்த ஊரிலும் மன்னிப்பு கிடையாது, முதல் வருஷ மாணவனுக்கும் தெரியும். மறுநாளும் போட்டான். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் இவன் பிரிப்பதற்குள்ளாகவே அது எட்டடியையும் தாண்டி வந்து பைக்குள் கையை விட்டது. உள்ளங்கை குளிர்ந்து, சொரசொரப்பாய், இவன் மணிக்கட்டை உரசிக்கொண்டு போன கை. இவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் தன் தொண்டையிலிருந்து வந்த சத்தம், தனக்கே யாரோ சிரித்தது மாதிரிக் கேட்டது. அப்புறம்தான் பயம் வந்தது. அடுத்த நாளிலிருந்து சோறு கொண்டுவருவதை நிறுத்திவிட்டான். நோட்டில் அந்தப் பதினோரு நாளும், உணவு: இலை, பூச்சி. நல்ல கையெழுத்தில்.

சோறு கட்டி வந்தது மஞ்சள் துணிப்பையில். பூங்கா வாசலிலேயே மெஷின் வைத்திருக்கிறார்கள், பத்து ரூபாய் போட்டால் ஒரு பை விழும், வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் அதுதான். நிறுத்தி ஒரு வாரத்தில் முதல் புகார். அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட டீச்சர் பையை விடமாட்டேன் என்று பிடித்து இழுக்கப்போய்க் கை கிழிந்து, ஊசி போட்டு, பத்திரிகையில் இரண்டு பத்தி. வேதமுத்து புகார் நோட்டை வாசித்துக் காட்டியபோது ஏழு பைகளின் நிறத்தையும் எழுதியிருந்தார்கள், வாசித்தவனுக்கு அது நிறமாகவே படவில்லை, ஊரில் பை என்றாலே அதுதானே. இவனுக்குப் பட்டது. ஏழும் மஞ்சள், இவன் சோறு கட்டி வந்த அதே பை. அப்போதுதான் வேதமுத்து டீயை ஆற்றிக்கொண்டே, சும்மா பேச்சுக்குச் சொல்கிற மாதிரி, சுற்றறிக்கையைப் பற்றிச் சொன்னான். "யாரோ சோறு போட்டுப் பழக்கியிருக்கான்னு தெரிஞ்சா கதையே வேற சார். அப்பம் குரங்கப் பிடிக்கப் பிடாது. போட்டவன வெளிய நிறுத்திட்டு மூணு மாசம் பொறுத்துப் பாக்கணும்னு போட்டிருக்கு. ஆனா போட்டவன் வந்து நான்தான் போட்டேன்னு சொல்லுவானா?" சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். ஆக வாய்க்குள் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. பெரிசுதான் என்றால் மூன்று போகும். பிடுங்குவது அது இல்லை, காது கிழிந்தது என்றால் பத்தொன்பது போகும். நான்தான் போட்டேன் என்றால் இரண்டும் இங்கேயே இருக்கும், இவன் போக வேண்டும். அனுமதிச் சீட்டு ரத்து, ஆராய்ச்சி அறக்கட்டளைக்குக் கடிதம், குவார்ட்டர்ஸ் சாவி. எளிய கணக்கு. ஒரு வாக்கியம். ஐந்து வயதுக் குழந்தை சொல்லிவிடும்.

மாசாணம் டம்ளரில் மோர் கொண்டுவந்தார். வாச்சர் வேலையில் அவருக்கு இருபத்தாறு வருஷம், இன்னும் நிரந்தரமாகவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார், பக்கத்தில் குத்துக்காலிட்டுக்கொள்வார். எல்லாரும் தூங்கறாங்க சார், நீங்கதான் இந்த வெயில்ல, என்றார். ரேஞ்சர் ஐயாவுக்கு மேலேயிருந்து காலையிலிருந்து நாலு போன் வந்துவிட்டதாகவும், வெறும் கூண்டோடு வண்டி திரும்பினால் ஐயா பாடு திண்டாட்டம் என்றும் சொன்னார். அப்புறம் வளைவைப் பார்த்தபடி, "பெரிசைக் காட்டிப் போடாதீங்க சார். அது போச்சுன்னா இங்க தெனத்துக்கும் அடிதடிதானுங். குட்டிக இருக்குதுங்" என்றார். இவன் மோரைக் குடித்தான். உப்பு கூடியிருந்தது. மாசாணம் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்தார், இரண்டு எட்டு வைத்தவர் நின்று, திரும்பாமலே, "மழையில நானும் மாடி வராந்தாவுலதானுங் நின்னேன்" என்றார். "ஆனா நான் ஒண்ணும் பார்க்கலைங். என்னைக் கேட்டா நான் பார்க்கலைம்பேன்." இவன் சரி மாசாணம் என்றான். சரி மாசாணம்! அவர் போனபின் அந்தச் சரி வாயில் உப்பாகக் கிடந்தது. பார்த்திருக்கிறார். மூன்று மாதமாகத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் மோர் கொண்டுவந்ததெல்லாம் தெரிந்துகொண்டுதான் கொண்டுவந்திருக்கிறார். அவர் சொல்லமாட்டார். படித்தவனைப் பற்றி ஒரு தினக்கூலி போய் ரேஞ்சரிடம் சொன்னால் அந்தப் பேச்சு யார் மேல் விழும் என்று இவனைவிட அவருக்குத் தெரியும். இவன் வரைந்த ஏணியைவிடச் சுத்தமான ஏணி ஒன்று அவருக்குள் இருக்கிறது, கடைசிப் படியிலிருந்து பார்த்து வரைந்தது. பீப். எழுதவில்லை. ஒரு வரி காலியாகப் போனது.

போக வேண்டும் என்றால் எங்கே. அக்கா வீட்டு மாடி அறை இருக்கிறது. கதவில் பூட்டுகூட இல்லை, எப்ப வேணும்னாலும் வாடா என்பாள் லோகநாயகி அக்கா, சொல்லும்போது மனசோடுதான் சொல்வாள். திரும்பி வந்த புதிதில் அங்கே நாலு மாதம் இருந்தானே. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவோ தேவலை. முதல் வாரம் ஹாலில் டிவிக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். மச்சான் வந்தார், நின்றார், ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தார், அக்கா பையனின் மனைவி காப்பி எடுத்துக்கொண்டு பாதி வழி வந்தவள் திரும்பிச் சமையலறைக்குப் போனாள், பையன் எழுந்து போன் சார்ஜரை ஒரு பிளக்கிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் செருகினான். அவ்வளவுதான் நடந்தது. சத்தமில்லை, பல்லைக் காட்டுவதில்லை. எழுந்து சோபாவின் ஓரத்துக்குப் போனான். மச்சான் உட்கார்ந்தார். காப்பி வந்தது. நகர்ந்தது யார், நகர்த்தியது யார் என்று எழுத நோட்டு மட்டும்தான் கையில் இல்லை. அதற்கப்புறம் அந்த நாற்காலிப் பக்கமே போகவில்லை, சோபா ஓரத்துக்கும் வேளை உண்டு என்று கற்றுக்கொண்டான், பிறகு மாடியிலேயே இருந்துகொண்டான். அக்கா பாவம், தினம் இரண்டு தடவை மூட்டு வலியோடு மாடி ஏறி வந்தாள். "எத்தனை நாள் லீவு கண்ணு?" என்றாள். லீவு இல்லைக்கா, வந்துட்டேன், ஒரேயடியா வந்துட்டேன் என்றான். சரி சரி என்று தலையை ஆட்டினாள். அடுத்த வாரம் யாரோ சொந்தக்காரர் வந்திருந்தபோது கீழே அவள் குரல் கேட்டது, தம்பி லீவுல வந்திருக்கான், இன்னம் ஒரு மாசம் இருப்பான். அவளுக்குப் புரியாமல் இல்லை. கூடப்பிறந்தவள் வீட்டில் ஒரு நாற்பத்தாறு வயது ஆணுக்கு என்ன இடம் என்று அவள் தேடிப் பார்த்திருப்பாள், லீவு என்ற ஒரு இடம்தான் கிடைத்திருக்கும். இவ்வளவு வருஷத்தில், பிறந்த கூட்டத்துக்குத் திரும்பி வந்த ஒரு கடுவனைக்கூட அவன் நேரில் பார்த்ததில்லை. வந்தால் என்ன ஆகும் என்று எழுதி வைக்க ஒரு தாளும் அவனிடம் இல்லை.

இரண்டு பத்து. பத்தொன்பது தொட்டியிலிருந்து இறங்கி மதிலுக்கு வந்துவிட்டது. நாற்பது அடி. இவன் கையில் பை இல்லை என்று அதற்குத் தெரிகிறது, ஆனாலும் வருகிறது, வந்து மதில்மேல் ஒரு காய்ந்த புளியங்காயை எடுத்து முகர்ந்து போட்டுவிட்டு, இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி பார்க்கிறது. வராதே. போ. வலைக்காரர்களில் ஒருவன் எழுந்து சோம்பல் முறிக்கிறான். ஏதாவது வீசி விரட்டலாம், விரட்டினால் அது அணைச் சுவர் மேல் ஓடிவிடும், ஓடிவிட்டால் மூன்றுக்குத்தான்… இல்லை, ஓடிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை, ஓடிவிட்டால் யாரையும் சொல்ல வேண்டியதில்லை. அப்படி இல்லை. வண்டி வெறும் கூண்டோடு போகாது. குனிந்தான், கல் இருந்தது, எடுக்கவில்லை. கொடுங்கோபத்தில் ஒருநாள் இப்படித்தான் எதையோ எடுத்து வீசினான், கல் இல்லை, குழந்தையின் பென்சில் டப்பா. அங்கே, அந்த ஊரில், ஆராய்ச்சிக் கூடத்தில் தலைவர் எல்லார் முன்னாலும் இவன் கட்டுரையை இரண்டு விரலால் தள்ளிவிட்ட நாள். ஒன்றும் பேசாமல் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தான். மகள் தாரா மேஜை முழுக்கப் பென்சில் பரப்பி வைத்திருந்தாள், பத்து வயது, எடுத்து வை என்றான், எடுத்து வைக்கிறேன் என்றாள், டப்பா சுவரில் போய் விழுந்து சிதறியது. அவள் அழவில்லை. இவன் மேஜையில் கிடக்கும் தாள்களையெல்லாம் வாசிக்கிற குழந்தை. தலை சாய்த்து, அந்த ஊர் பாஷையில், ரொம்ப அமைதியாகக் கேட்டாள், "அப்பா, இன்னைக்கு உன்னை யார் கடிச்சாங்க?" பீப். மேல்படியில் இருப்பதிடம் கடிபட்ட குரங்கு கடித்தவனைத் திருப்பிக் கடிக்காது, சுற்றுமுற்றும் பார்க்கும், தனக்குக் கீழே எவன் இருக்கிறான் என்று. அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவன் இவன். இப்போது தாராவுக்குப் பதினாறு. ஞாயிறு தவறாமல் பேசுவாள். போன வாரம், குரங்கெல்லாம் நல்லா இருக்கா என்றாள், நல்லா இருக்கு என்றான், உனக்கு யாராவது பேச்சுத் துணை இருக்கா என்றாள். இருக்கு என்றான். யாரு? அவன் இந்த மதிலைத்தான் நினைத்தான். அதை எப்படிச் சொல்வது. ஒரு நண்பர் என்றான். பேரு என்ன? லைன் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

இரண்டு முப்பது. வளைவிலிருந்து மூன்று இறங்கியது. அது இறங்குவதே ஒரு செய்தி, இரண்டு பெட்டைகள் எழுந்து வழிவிட்டன, குட்டிகள் பின்னால் ஓடின. நிதானமாக மதில் மேல் நடந்து வந்தது, நேராகப் பத்தொன்பது இருக்கிற இடத்துக்கு. பத்தொன்பது சுருங்கியது. உதடு பின்னால் இழுத்துக்கொண்டது, அந்த முகம். ஓடும் என்று நினைத்தான். ஓடவில்லை. மூன்று அதன் பக்கத்தில் போய், ஒரு அடியில், அதன் மேல் பார்வையே படாமல் உட்கார்ந்து, தன் கிழட்டு முதுகைத் திருப்பிக் காட்டியது. பத்தொன்பதுக்குப் புரிய நேரமாயிற்று. பிறகு ஒரு விரலை நீட்டித் தொட்டது. தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டது. மறுபடி தொட்டது. முடியைப் பிரித்துப் பேன் பார்க்க ஆரம்பித்தது, அவசர அவசரமாக, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி. பீப். எட்டு மாதத்தில் முதல் தடவை. பென்சில் முனை தாளில் நின்றது. பத்தொன்பது, மதில், பேன் பார்த்தல், அருகில் இருப்பவர்: மூன்று. ஒரு அடி. எழுதினான். எழுதி முடித்துப் பார்த்தபோது சந்தோஷப்பட வேண்டியவனுக்கு ஏதோ பறிபோன மாதிரி இருந்தது, நெஞ்சுக்குக் கீழே, அல்பமாக, வெட்கமாக. சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். எட்டு மாதத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். இனி இதைக் கூண்டில் ஏற்றுவதாவது, இனி சொல்லிவிடலாம், நான்தான் போட்டேன், இரண்டே சொல், வேதமுத்து முதலில் சிரிப்பான், பிறகு சிரிக்கமாட்டான், சார் நீங்களா என்பான், தொப்பியைக் கழற்றிப் பிடரியைத் தடவுவான், படிச்சவங்க நீங்களே என்பான், வலைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், பத்திரிகையில் மறுபடி இரண்டு பத்தி, அக்காவின் பையன் அதைப் போனில் பார்த்துக் கீழே எல்லாருக்கும் காட்டுவான், மாடி அறை, எத்தனை நாள் லீவு கண்ணு. நான்தான். நாக்கை அசைத்துச் சொல்லிப் பார்த்தான். நான்தான் போட்டேன் என்று பெஞ்சிடம் சொன்னான். நன்றாகத்தான் வந்தது. பத்தொன்பது பேன் பார்த்துக்கொண்டே கழுத்தை மட்டும் திருப்பி இவனைப் பார்த்தது, கை நிற்கவில்லை. இந்தப் பார்வையும் இனி எத்தனை நாளைக்கு. ஒரு வாரம் போனால் இந்தப் பக்கமே திரும்பாது, திரும்ப வேண்டிய அவசியம் இருக்காது, அதுதானே சரி, அதற்காகத்தானே அது சுவர் மேல் அவ்வளவு தூரம் நடந்து வந்தது. சரி. எல்லாம் சரி. வாசலில் வண்டிக் கதவைத் திறந்து சாத்துகிற சத்தம். வேதமுத்து போனைக் காதில் வைத்தபடி, இதோ ஆயிரும் ஐயா, இதோ ஆயிரும் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான், எதிரில் ஆளே இல்லாத இடத்தைப் பார்த்து லேசாகக் குனிந்து. பீப். பீப் என்றது கடிகாரமா, மலையிறங்கி வருகிற பஸ்ஸா. நோட்டை மூடினான். பென்சிலைச் சட்டைப் பையில் செருகினான். பெஞ்சிலிருந்து எழுந்தான்.

இரண்டு ஐம்பதுக்குத் தெய்வசிகாமணி வாசலுக்கு நடந்துபோய், பிடிக்க வேண்டியது பெரிய குரங்கை அல்ல, காது கிழிந்ததைத்தான் என்று ரேஞ்சரிடம் சொன்னான். சோறு போட்டதைச் சொல்லவில்லை.